கையெழுத்தில்லாத அனுமதி

என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கும்போது வேர்க்காது, கை நடுங்காது, தலை சுற்றாது. நான் சொல்வதை ஒப்புக்கொள்வாள். கல்யாணமான நாள் முதல் வேறு எந்தக் காரணத்துக்காகவும் அவள் அப்படிச் செய்ததில்லை என்பதால், இதை நம்பகமான அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பல வருடங்கள் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்கு உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிடும் என்று டாக்டர் விளக்கினார். மற்றவர்களுக்குச் சர்க்கரை குறைந்தால் பசிக்கும், படபடக்கும். உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு ஒன்றும் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு மெதுவாகும், பிறகு இணக்கமாகும், பிறகு மயக்கம். மயக்கத்துக்கு அப்புறம் என்ன என்பதையும் டாக்டர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அதனால் அவள் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறோம். பத்து ரூபாய் நாணயம் போல ஒரு வட்டம். அதன் அடியில் மயிரிழை மாதிரி ஓர் ஊசி தோலுக்குள் இருக்கும். அது சர்க்கரை அளவை அவளுடைய கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுபதுக்குக் கீழே போனால் கைபேசி கத்தும். சென்சார் செய்கிற கம்பெனியே அதற்கான செயலியையும் கொடுத்திருந்தது.

ஒரு நாள் காலை கைபேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு அந்தச் செயலியைத் திறந்தால், இந்தக் கைபேசியில் இது இயங்காது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. கையில் சென்சார் நன்றாக இருக்கிறது. கைபேசியும் நன்றாக இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை. அந்த வரியை நாங்கள் பார்த்ததே பிற்பகலில்தான். அதுவரை கைபேசி சும்மா கிடந்ததைப் பார்த்துச் சர்க்கரை ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று நான் தபால் அலுவலகம் போய்விட்டு வந்தபோது அவள் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குக் குழம்பு வேணாம். தயிர்ச்சோறே போதும்” என்றேன்.

“சரிங்க.”

பாதி நறுக்கிய கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். உறுதி செய்துகொள்வதற்காக இன்னொன்றும் சொன்னேன்.

“உன் தங்கச்சி வீட்டுக்கு இந்த மாசம் போக வேணாம்.”

“சரிங்க.”

சீனி டப்பாவைத் தேடி ஓடினேன். கரைத்துக் குடிக்க வைத்ததில் பாதி அவள் சேலையிலும் பாதி என் சட்டையிலும் போனது. கால் மணி நேரம் கழித்து, “என்னங்க இது, கட்டெறும்பு வரப்போகுது” என்று திட்டினாள். அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை.

தங்கை இருப்பது வாடிப்பட்டியில். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவையாவது என் மனைவி தனியாகப் பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவாள். அந்த இரண்டு நாள் அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது குரல் கட்டியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். உடம்பு எச்சரிப்பதை நிறுத்திய பிறகு அந்தப் பயணமும் நின்றுபோனது. சென்சார் வந்ததும் மறுபடி போகலாம் என்று பேச்சு எழுந்தது. தங்கையின் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்குத் தனியாகப் போவதாக முடிவும் செய்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் செயலி செத்தது.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்ற அலுவலகங்கள் அனுப்பும் பில்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. ஒரு காகிதம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் முடிய வேண்டும், எங்கே முத்திரை, எங்கே சுருக்கொப்பம் என்பதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது போல. ஆகவே கம்பெனியை நான் முறைப்படியே அணுகினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். புகார் எண் வாங்கினேன். அந்தப் புகார் எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னொரு புகார் எண் வாங்கினேன். மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, “சார், உங்க போன் எங்க பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இருக்குற போன் வாங்கிக்கங்க சார்” என்றாள். அதையும் வாங்கி, அதுவும் ஒரு நாள் பட்டியலிலிருந்து போனால் என்ன செய்வது என்று கேட்டேன். என் கருத்து அவர்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது என்றாள்.

செயலியை முதன்முதலில் போட்டபோது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாங்கள் அழுத்திய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து முழுக்கப் படித்தேன். அதை முழுக்கப் படித்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். அதை எழுதியவரும் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. இந்தச் செயலி உங்களுடையதல்ல, பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் அந்த அனுமதியை நாங்கள் எடுத்துக்கொள்வோம், இது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். என் மனைவியின் இரத்தம், என் மனைவியின் கை. நடுவில் எண்ணைச் சொல்கிற இடம் மட்டும் வேறொருவர் வீடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பழைய கருவி வீட்டில் இருந்தது. குத்திக் குத்தி அவள் விரல்கள் ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி மாதிரி ஆகிவிட்டன. இரண்டு குத்துக்கு இடையில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவ்வப்போது அவளிடம் வேண்டுமென்றே தவறாக எதையாவது சொல்வேன். மறுத்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது.

“சாம்பாருக்குப் பெருங்காயம் தேவையே இல்ல.”

“நீங்க வச்சுப் பாருங்க, தெரியும்.”

அரை மணி நேரம் நிம்மதி. பிறகு, “நம்ம கல்யாணத்துல உங்க வீட்டுக்காரங்கதான் பந்தியில முந்துனாங்க.”

“யாரு? எங்க வீட்டு ஆளுங்களா? உங்க சித்தப்பா ரெண்டு தடவ உக்காந்தது ஊருக்கே தெரியும்.”

மூன்றாவது நாள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. “என்னங்க, என்னைய டெஸ்ட் பண்றீங்களா? நான் என்ன நீங்க திருப்பி அனுப்புற பில்லா?” என்று கேட்டுவிட்டு, மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். “ஒரு கொடியில துணி போடக்கூட விட மாட்டீங்களா?” என்றாள். விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்ந்து போயிற்று. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அவனியாபுரத்தில் அது ஒரு வசதி. பதில் சொல்லத் தெரியாதபோது விமானம் வந்துவிடும்.

காலை நடையில் என்னோடு வருகிற பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இருக்கிறார். சிம்மக்கல்லில் தறி நூல் மொத்த வியாபாரம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். என்னை விட ரொம்பவும் சின்னவர். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்க்கரை. இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். என் புகார் எண்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அண்ணே, அந்தக் கம்பெனி ஆப்ப விட்டுத் தள்ளுங்க. எங்க பாப்பா ரொம்ப நாளா வேற ஒண்ணுதான் போட்டுருக்கு. அதே சென்சார்தான். எந்தப் போன்ல வேணாலும் ஓடுது.”

“அது எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்லண்ணே.”

“அரசாங்கமா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப யாருதான் தம்பி?”

“இந்தச் சீக்கு உள்ளவங்க, பிள்ளைக்கு இருக்குற அப்பா அம்மா, இப்புடி ஆளுகளே சேந்து எழுதி வச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ள எப்புடி ஓடுதுன்னு பிரிச்சுப் பாக்கலாம். நமக்குத் தக்கன மாத்திக்கலாம். மாத்துனத அடுத்தவுங்களுக்கும் குடுக்கலாம்.”

“யாருகிட்ட அனுமதி கேக்கணும்?”

“யாருகிட்டயும் கேக்க வேணாம்ணே.”

நடப்பதை நிறுத்திவிட்டேன். யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட காரியங்கள் எல்லாம் தணிக்கையின்போது என்ன ஆகும் என்பதை நான் முழு உத்தியோக வாழ்க்கையும் பார்த்தவன். சொன்னவர் மாற்றலாகிப் போயிருப்பார். செய்தவர் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்த மென்பொருளின் உரிமத்தைத் தேடிப் படித்தேன். நூல் வியாபாரி சொன்னது அத்தனையும் உண்மை. எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எழுதியிருப்பதை வாசிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துப் பிறருக்குத் தரலாம். தரும்போது நமக்குக் கிடைத்த அதே உரிமைகளை வாங்குகிறவருக்கும் விட்டுவிட வேண்டும் என்று மட்டும் ஒரு நிபந்தனை. நல்லது. ஆனால் கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏதாவது பிசகினால் அதன் பொறுப்பு முழுக்க உங்களுடையது. எந்தக் காரியத்துக்கும் இது பொருத்தமானது என்றுகூட நாங்கள் சொல்லவில்லை.

யாருக்கும் பொறுப்பில்லாத ஒன்றை அவள் கையோடு எப்படிச் சேர்ப்பது? கம்பெனியின் ஒப்பந்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபடி எடுத்தேன். அதே பத்தி அங்கேயும் இருந்தது. சிறிய எழுத்தில், நடுவில், கண்ணில் படாத இடத்தில். இரண்டு பேருமே கையை விரித்தவர்கள்தான். ஒருவர் கையை விரித்துவிட்டு வீட்டைப் பூட்டினார். இன்னொருவர் கையை விரித்துவிட்டுச் சாவியையும் கொடுத்தார். எனக்குச் சாவி வேண்டியிருக்கவில்லை. பதவிப் பெயரோடு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

டாக்டரிடம் கேட்டேன். எழுதித் தருவாரா என்று.

“எழுத மாட்டேன் சார்” என்றார். “வேணாம்னும் சொல்ல மாட்டேன். எதப் போட்டாலும் கொஞ்ச நாள் விரல்ல குத்திப் பாத்து ஒத்துவருதான்னு பாத்துக்கங்க. இன்சுலின் அளவ மட்டும் அத நம்பி நீங்களா மாத்தாதீங்க.”

கையெழுத்து கிடைக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். விண்ணப்பம் எழுதினேன்.

ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் நம் முறைப்படி. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பெறுநர் இடத்தில் யாரைப் போடுவது என்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, தலைமையகம் இல்லை. புனைபெயர்களில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கடைசியில் ‘இம்மென்பொருளுக்குப் பொறுப்பான தகுதி வாய்ந்த அதிகாரி’ என்று போட்டேன். பார்வை ஒன்றில் உரிமத்தின் இன்ன பிரிவு, பார்வை இரண்டில் டாக்டரின் வாய்மொழி ஆலோசனை. கீழே கையொப்பமிட்டவரின் மனைவியான ஒரு பெண் நோயாளிக்கு மட்டும் மேற்படி மென்பொருளைப் பயன்படுத்த அனுமதி வழங்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். அவர்கள் குறைகளைப் பேசிக்கொள்ளும் பொதுப் பக்கத்தில் அதைப் பதிவேற்றினேன். மருந்துச் சீட்டின் நகலையும் இணைத்தேன்.

நூல் வியாபாரி ஓடி வந்தார். “அண்ணே, அந்தச் சீட்ட மொதல்ல தூக்குங்க! உலகமே பாக்குற எடம்ணே அது. அக்கா பேரு, வயசு, எல்லாம் தெரியுது.”

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னது? என் வயசப் போட்டாரா?”

சீட்டைத் தூக்கினோம். விண்ணப்பத்தை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.

“கேக்க வேணாம்னு அதுலயே எழுதியிருக்குல்லண்ணே” என்றார் அவர்.

“எழுதியிருக்கு. யாரு கையெழுத்துப் போட்டுருக்கா?”

“யாரும் போடல.”

“அதான்.”

“அண்ணே, நான் இப்பவே போட்டுத் தாரேன். அரை மணி நேர வேலை.”

“விண்ணப்பம் நிலுவையில இருக்கு தம்பி. நிலுவையில இருக்கும்போது போட்டா அது முறைகேடு.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், “இந்த மனுசன்கூட இம்புட்டு வருசம் குடும்பம் நடத்துனதுக்கே எனக்குத் தனியா பென்சன் குடுக்கணும்” என்றாள்.

பதில் வரவில்லை. காலையில் எழுந்ததும் பார்ப்பேன், நடைக்கு முன் பார்ப்பேன், நடைக்குப் பின் பார்ப்பேன். காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது. “வந்துச்சா?” என்பாள். “வரல” என்பேன். “அவுங்களும் உங்க ஆபீஸ் மாதிரிதானா? டீ குடிக்கப் போயிட்டாங்களா?” என்பாள். வாடிப்பட்டியிலிருந்து தங்கை போன் செய்யும்போதெல்லாம் என் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அது எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்துவது என் வழக்கம்.

ஒரு நாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும். அவள் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னறையில் கணினி முன்னால். தெருவுக்கு எதிரே இருந்த பட்டறையில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு இங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்:

“இன்னும் வரல. பதில் வராம உன்னத் தனியா அனுப்ப மாட்டேன். காதுகுத்துக்கு ரெண்டு பேருமா போயிட்டு, அன்னைக்கே திரும்பிருவோம்.”

“சரிங்க” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. ஒரு வழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். பட்டறைச் சத்தம் நின்ற இடைவெளியில்தான் என் காதில் அந்தச் சொல் மறுபடி விழுந்தது. எந்தச் சொல்லைக் கேட்டால் ஓட வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேனோ, அதே சொல்.

அவள் சோபாவில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டதற்கு மிகவும் தள்ளி எங்கோ இருந்து “ம்” என்றாள். குளுக்கோஸ் டப்பா மூடி திறக்க வரவில்லை, பல்லால் திறந்தேன். ஒரு கையால் நூல் வியாபாரிக்குப் போன் போட்டேன். அவர் செருப்பில்லாமல் வந்தார். அவர் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, விழுங்குகிறாளா என்று ஒவ்வொரு வாய்க்கும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். விரலில் குத்திப் பார்த்த எண்ணை அவருக்குக் காட்டாமல் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லலாமா என்று அவர் கேட்டபோது விழுங்கினாள். இன்னொரு வாய். இன்னொரு வாய். மறுபடி குத்தினேன். ஏறியிருந்தது.

கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, எப்புடி இருக்கு?” என்றார் அவர்.

“இவரு ஏன் அழுகுறாரு?” என்றாள்.

“நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னு சொல்லிட்ட” என்றேன்.

“நான் எப்பங்க சரின்னு சொன்னேன்?” என்றாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பதில்கள் வந்தன. அவர்கள் இருக்கும் நாட்டில் அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். ஒருவர், உங்களுக்கு அனுமதி தேவையில்லை, தயவுசெய்து காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இங்கே யாராலும் உங்களுக்கு அனுமதி தர முடியாது, ஏனென்றால் இங்கே யாராலும் அதை மறுக்க முடியாது என்று எழுதியிருந்தார். மூன்றாவதாக ஒரு பெண், தன் மகனுக்காக இதில் ஒரு பகுதியை எழுதியவளாம், ஒரே ஒரு வரி: உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார்?

இரண்டாவது பதிலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுக்க முடிந்தவனால்தான் அனுமதி தர முடியும். என் உத்தியோகம் முழுக்க நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியே இல்லாத ஓர் அலுவலகத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதற்காக அவள் சோபாவில் சரிய வேண்டியிருந்தது. இதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. பயம்தான் கூடியது. பயத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இனி ஒரு முகவரியும் கிடையாது.

மூன்றாவது பதிலுக்கு மட்டும் மறுமொழி எழுதினேன். பெறுநர், பொருள் எதுவும் போடாமல்.

மறுநாள் நூல் வியாபாரி வந்து மென்பொருளைப் போட்டுத் தந்தார். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் வழி சொன்னாள். அப்பாவும் மகளும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வது எனக்குப் புரியவில்லை. நடு நடுவே வந்த ‘அனுமதி’ என்ற சொல்லும் அதைத் தொடர்ந்து வந்த சிரிப்பும் புரிந்தன. பட்டியலில் இல்லாத அதே கைபேசியில் எண் வந்து உட்கார்ந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண். டாக்டர் சொன்னபடி அடுத்து வந்த நாட்களிலும் குத்தி ஒப்பிட்டேன். நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆட்சேபணை எழுத இடம் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை ஒலிதான் பிரச்சினையாக இருந்தது. கம்பெனி ஆப்பில் இருந்த ‘கீங் கீங்’ சத்தத்தைப் பட்டறை இரைச்சலில் அவள் பாதி நேரம் கவனித்ததே இல்லை. அதை மாற்றவும் முடியாது. இதில் என்ன ஒலி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று போனில் சொன்னாள் மகள்.

“மாமா குரல்லயே பேசி வச்சுரலாமா அத்தை? ‘சர்க்கரை இறங்குது, எந்திரி’ன்னு?”

“வேணாம் கண்ணு. அந்தக் குரல் காதுல விழுந்து பல வருசம் ஆச்சு” என்றாள் என் மனைவி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “குக்கர் விசில் வைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

எனக்கு உடனே விளங்கியது. தூக்கத்தில் இருந்தாலும், தங்கையோடு பேச்சில் இருந்தாலும், யாரோடு சண்டையில் இருந்தாலும், குக்கர் விசில் அடித்து அவள் எழுந்து போகாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே பருப்பை வைத்து எங்கள் குக்கரின் விசிலையே பதிவு செய்தோம். மூன்று விசில். அதற்குள் எழுந்து குளுக்கோஸ் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

“அளவு யாரு யாருக்குப் போகணும்னு கேக்குது அத்தை. அவங்க போன்லயும் தெரியும், அலாரமும் அடிக்கும்.”

“என் தங்கச்சிக்குப் போடு.”

“சரி. மாமாவுக்கு?”

“வேணாம்.”

நூல் வியாபாரி சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

“நான் உன் புருசன்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? அங்க எனக்கு இறங்குனா ஓடி வர வேண்டியவ அவதான். இங்கருந்து நீங்க என்ன செய்வீங்க? நம்பரப் பாத்துப் பாத்து எனக்குப் போன் போடுவீங்க. தொண்ணூறு ஆச்சே, எம்பத்தஞ்சு ஆச்சேன்னு. காதுகுத்துல நான் பிள்ளையப் பாப்பனா, உங்களுக்குப் பதில் சொல்வனா?” பிறகு கொஞ்சம் தணிந்து, “வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குப் போட்டுத் தாரேன். போற ரெண்டு நாளைக்கு வேணாம்” என்றாள்.

உரிமத்தை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம் என்று இருந்தது. கணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த விண்ணப்பத்தை நான் அவள் சார்பில் எழுதியபோது அவளைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இருக்கை பிடித்தேன், குளுக்கோஸ் பொட்டலம் கைப்பையின் வெளி அறையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். “வாடிப்பட்டி போயிட்டுப் பேசுறேன். போங்க, வெயில்ல நிக்காதீங்க” என்றாள். நான் வெயிலில்தான் நின்றேன்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. கையில் கைபேசி, அதில் எண் இல்லை. இத்தனை நாளும் எண்ணைப் பார்த்துப் பயந்தேன். எண் இல்லாமல் பயப்படுவது வேறு ரகம். உட்கார முடியாமல் கணினியைத் திறந்து, அந்த மென்பொருளின் உள்ளே எழுதியிருப்பதை வாசிக்க ஆரம்பித்தேன். அது உரிமை என்றால் பயன்படுத்திப் பார்ப்போமே என்றுதான். முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. தேடித் தேடி ஓர் இடத்தில் அந்த வரி கிடைத்தது. அளவு இந்த எல்லைக்குக் கீழே இருந்தால், ஒலி எழுப்பு. அது விளங்கியது. நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். எல்லைக்கு வெளியே போனால் ஆட்சேபி. சமயநல்லூரைத் தாண்டியிருப்பாள், அந்த வரி இப்போது அவளுடைய கைப்பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரியாக ஓடுகிறதா என்பதற்கு யாருடைய கையெழுத்தும் இல்லை. ஆனால் என் பயம் எந்த வரியில் குடியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். கம்பெனி ஆப்பில் அதுகூடத் தெரியாது.

போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

“வந்து சேந்துட்டேங்க. பஸ்ல விசில் அடிச்சுருச்சு.”

“என்னது? எம்புட்டு?”

“எம்புட்டா இருந்தா என்ன, பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னுட்டேன். இப்ப நல்லா இருக்கேன். அதக் கேளுங்க, பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் சுத்திச் சுத்திப் பாக்குறாங்க. கண்டக்டர் எந்திரிச்சு வந்து, ‘யாரும்மா அது, பஸ்ல குக்கர் வச்சு இறக்குறது? எனக்கும் ஒரு தட்டு போடுங்க’ங்குறான்.”

அவள் சிரித்தாள். பக்கத்தில் தங்கையும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை. விசில் அடித்திருக்கிறது. அப்படியானால் இறங்கியிருக்கிறது. மறுபடி இறங்கினால்? இந்தச் சிரிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“இங்க பாரு, நாளைக்குக் காதுகுத்து முடிஞ்ச கையோட கிளம்பி வந்துரு. தங்க வேணாம்.”

“சரிங்க” என்றாள்.

தங்கையைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். நூல் வியாபாரியின் காரில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது.

அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் வெடித்துச் சிரித்தார்கள்.

“பயந்துட்டீங்களா?” என்றாள். “நூத்திப் பத்து இருக்குங்க. நான் நாளன்னைக்குச் சாயங்காலந்தான் வாரேன். தோசை மாவு பிரிட்ஜ்ல மேல்தட்டுல இருக்கு. உங்க சித்தப்பா பந்தியில ரெண்டு தடவ உக்காந்ததும் உண்மைதான்.”

வைத்துவிட்டாள். நான் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்தி வைத்தேன்.

பொழுது சாயும்போது பக்கத்து வீட்டு அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து நின்றுவிட்டேன். அது அவர்கள் வீட்டுப் பருப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டாவது விசில் வந்தது. மூன்றாவது முடிகிற வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.